ஹேண்டி + ராஸ்பெர்ரி பை: 1200 பாட் பாக்கெட் காதுக்குக் கேட்கிறது, டீகோட் ஆக மாட்டேன் என்கிறது

தென்றல் (கேள்வி)

வணக்கம். ஹாம் லைசென்ஸ் கையில் இருக்கிறது. 2 மீட்டர் பேண்டில் 1200 பாட் பாக்கெட் (டேட்டாவை டோன்களாக்கி ரேடியோவில் அனுப்பும் முறை) நிலையம் ஒன்று அமைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஏபிஆர்எஸ் (இருப்பிடமும் குறுஞ்செய்தியும் ஒலிபரப்பும் முறை). அது ஓடியதும் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நண்பரின் நிலையத்தோடு ஏஎக்ஸ்.25 (பாக்கெட் ரேடியோ நெறிமுறை) கனெக்ட் செய்து செய்தி பரிமாற வேண்டும்.

இருப்பவை: 5 வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ செட், கென்வுட் மாதிரி இரண்டு பிளக் சாக்கெட்), ராஸ்பெர்ரி பை 4, சிஎம்108 சிப் உள்ள யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர், அதையே பாக்கெட் மோடமாக்கும் டயர்வுல்ஃப் மென்பொருள். செட்டின் ஸ்பீக்கர் அவுட்டை நேராக அடாப்டரின் மைக் இன்னுக்கும், அடாப்டரின் ஹெட்ஃபோன் அவுட்டை நேராக செட்டின் மைக்குக்கும் கொடுத்திருக்கிறேன். பிடிடிக்கு (டிரான்ஸ்மிட் பட்டன்) தனி ஒயர் கிடையாது, வாக்ஸ்தான் (சத்தம் வந்தால் செட் தானே டிரான்ஸ்மிட்டுக்குப் போகும் வசதி).

நிலவரம் இது:

ரிசீவ்: பாக்கெட் சத்தம் காதுக்குத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் பத்துக்கு இரண்டு மூன்றுதான் டீகோட் ஆகிறது. டயர்வுல்ஃப் காட்டும் ஆடியோ லெவல் 150க்கு மேல். லெவல் அதிகம், குறைக்கவும் என்று ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எச்சரிக்கை வருகிறது.

டிரான்ஸ்மிட்: நண்பரின் செட்டில் என் டோன் கேட்கிறது, அவருடைய மென்பொருள் பெரும்பாலும் எதையும் காட்டுவதில்லை.

கனெக்ட்: எப்போதாவது இணைப்பு கிடைக்கிறது. ஒரு வரிச் செய்தி போகிறது. நாலு பத்தி அனுப்பினால் ரீட்ரை மேல் ரீட்ரை, கடைசியில் இணைப்பு அறுந்துவிடுகிறது.

தனி டிஎன்சி (பாக்கெட் மோடம்) பெட்டி வாங்கினால்தான் சரிவருமா? இல்லையென்றால் கேபிளையும் செட்டிங்கையும் எந்த வரிசையில் சரிசெய்ய வேண்டும்?

---

டைபோல்

டிஎன்சி வாங்க வேண்டாம். 1980களில் டிஎன்சி-2 போன்ற பெட்டிகள் செய்த வேலை முழுவதையும் இன்று டயர்வுல்ஃப் செய்கிறது. பலவீனமான சிக்னலில் பழைய மோடம் சிப்களைவிட நன்றாகவே டீகோட் செய்யும். நீங்கள் சொன்ன மூன்று குறையும் கேபிளிலும் லெவலிலும் நேரத்திலும் இருப்பவை. புதுப் பெட்டி வாங்கி இதே கேபிளில் மாட்டினாலும் இதே கதைதான். எனவே முதலில் கேபிளைப் பிரியுங்கள்.

வாக்ஸை இன்றே அணைத்துவிடுங்கள். பேச்சுக்காக வந்த வசதி அது. டோன் வந்த பிறகுதான் செட் டிரான்ஸ்மிட்டுக்குப் போகும், ஆகவே பாக்கெட்டின் முன்பகுதி காற்றில் ஏறுவதே இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை கடைசியில். டோன் நின்ற பிறகும் அரை விநாடியோ அதற்கு மேலோ வாக்ஸ் செட்டை டிரான்ஸ்மிட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். எதிர்முனை ஒப்புகையை அதற்குள் அனுப்பி முடித்திருக்கும், உங்கள் செட் அதைக் கேட்டே இருக்காது. ரீட்ரை குவிவதற்கு இது ஒன்றே போதும்.

பிடிடிக்கு இரண்டு வழி. பையின் ஜிபிஐஓ (மென்பொருள் இயக்கும்) பின் ஒன்றிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 2என்2222 டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொடுங்கள். எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் செட்டின் பிடிடிக்கு. 2என்7000 மாஸ்ஃபெட்டைப் பலர் போடுகிறார்கள், ஆனால் அதன் கேட் த்ரெஷோல்டு 3 வோல்ட் வரை இருக்கலாம். பை தருவது 3.3 வோல்ட். ஒரு சிப்பில் ஓடும், இன்னொன்றில் அரைகுறையாக நிற்கும். பையையும் செட்டையும் மின்சார ரீதியாகப் பிரிக்க விரும்பினால் பிசி817 ஆப்டோகப்ளர், அதன் எல்இடிக்கு 330 ஓம். இரண்டாவது வழி, சிஎம்108 சிப்பின் ஜிபிஐஓ 3 பின். டயர்வுல்ஃபின் பிடிடி வரியில் சிஎம்108 என்று எழுதினால் அதுவே கையாளும். ஆனால் மலிவு அடாப்டர்களில் அந்தப் பின்னை வெளியே கொண்டுவந்திருக்க மாட்டார்கள். சிப்பின் 13வது காலில் மெல்லிய ஒயரைச் சாலிடர் செய்ய வேண்டும், பழகாத கைக்குக் கடினம். நீங்கள் பையின் பின்னையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கென்வுட் வகை சாக்கெட்டில் 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் நடு வளையம் மைக். அதன் அடி உருளைப் பகுதி பிடிடி. 2.5 மில்லிமீட்டர் பிளக்கின் நுனி ஸ்பீக்கர், அடிப்பகுதி கிரவுண்ட். 3.5-இன் அடிப்பகுதியை 2.5-இன் அடிப்பகுதியோடு இணைத்தால் செட் டிரான்ஸ்மிட்டுக்குப் போகும். சாலிடர் செய்வதற்கு முன் ஒரு ஒயர்த் துண்டால் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டாயம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) மாட்டி.

இனி ஆடியோ. ஹெட்ஃபோன் அவுட் கிட்டத்தட்ட 1 வோல்ட் தரும். செட்டின் மைக்குக்கு வேண்டியது 10 மில்லிவோல்ட் அளவு. நேராகக் கொடுத்தால் மென்பொருளில் வால்யூமை 2 சதவீதத்தில் வைக்க நேரும், அங்கே ஒரு படி நகர்த்தினாலே லெவல் இரட்டிப்பாகும். 10 கிலோஓம் தொடராக, 100 ஓம் கிரவுண்டுக்கு என்று ஒரு டிவைடர் போடுங்கள், நூறில் ஒரு பங்காகும். அங்கிருந்து 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக மைக். செட் தன் மைக் லைனில் டிசி வோல்டேஜ் வைத்திருக்கும், அதைத் தடுக்கத்தான் கெப்பாசிட்டர். பல சர்க்யூட்களில் 0.1 மைக்ரோஃபாரட் போட்டிருப்பார்கள். மைக் இன்புட் 2 கிலோஓம் அளவில் இருந்தால் 1200 ஹெர்ட்ஸ் டோன் 2200-ஐவிட ஒரு டெசிபெல் கூடுதலாக இறங்கும். ஏற்கெனவே சாய்ந்திருக்கும் டோன்களை மேலும் சாய்ப்பானேன்? 1 மைக்ரோஃபாரட் போட்டால் அந்தப் பேச்சே இல்லை.

ரிசீவ் பக்கம் 10 கிலோஓம் தொடர், 1 கிலோஓம் கிரவுண்டுக்கு, பிறகு 1 மைக்ரோஃபாரட். அடாப்டரின் மைக் இன்னிலும் டிசி இருக்கும் என்பதால் கெப்பாசிட்டர் இங்கேயும் அவசியம். உங்கள் 150 லெவலுக்குக் காரணம் இந்த டிவைடர் இல்லாததுதான். மைக் இன் முட்டி, அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது.

செட்டின் மெனுவில் இவற்றைப் பாருங்கள்: பேட்டரி சேவ் அணைக்க வேண்டும். அது ரிசீவரை விட்டுவிட்டுத் தூங்க வைக்கிறது, விழிப்பதற்குள் பாக்கெட்டின் தலை போய்விடும். டூயல் வாட்ச், ரோஜர் பீப், இரண்டு பக்க சிடிசிஎஸ்எஸ் (துணை டோன் பூட்டு) எல்லாம் அணைக்க வேண்டும். பேண்ட்விட்த் வைடு. டிரான்ஸ்மிட் டைம்-அவுட் எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக, 15 விநாடி இருந்தால் அது. பை துவங்கும்போதோ மென்பொருள் தொங்கும்போதோ பிடிடி ஒட்டிக்கொண்டால் சேனலையும் செட்டின் ஃபைனல் டிரான்சிஸ்டரையும் காப்பாற்றுவது இந்த ஒரு செட்டிங்தான்.

---

காரியர்

டைபோல் சொன்ன கேபிள் தயாரானதும் லெவல் வேலை. இதில் அவசரப்படாதீர்கள். பாக்கெட் நிலையங்களில் பாதிக்கு மேல் சுணங்கிக் கிடப்பது இங்கேதான்.

முதலில் ரிசீவ். ஆல்சாமிக்சரைத் திறந்து எஃப்6 அழுத்தி யூஎஸ்பி அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஆட்டோ கெய்ன் கன்ட்ரோல். எம் விசையால் அதை மியூட் செய்யுங்கள். அது இருந்தால் அமைதியில் கெய்ன் ஏறி நிற்கும், பாக்கெட் வந்ததும் முதல் சில பைட்டுகள் நசுங்கும். இன்னொன்று பிளேபேக் பக்கத்தில் இருக்கும் மைக். பலரும் இதைப் பார்ப்பதில்லை. சிஎம்108 அடாப்டர்களில் மைக்கில் வருவதை அப்படியே ஹெட்ஃபோன் அவுட்டுக்கு அனுப்பும் வழி அது. திறந்திருந்தால் ரிசீவர் இரைச்சல் உங்கள் டிரான்ஸ்மிட் ஆடியோவில் கலக்கும். அதையும் மியூட் செய்துவிட்டு, ஆல்சாசிடிஎல் ஸ்டோர் கட்டளையால் சேமியுங்கள், இல்லாவிட்டால் ரீபூட்டுக்குப் பின் பழைய நிலைக்கே போகலாம்.

செட்டின் வால்யூம் குமிழை நடுவில் வைத்து, கேப்சர் லெவலை நகர்த்தி, பெரும்பாலான நிலையங்கள் 50 அருகே வருமாறு வையுங்கள். 30 வந்தாலும் 70 வந்தாலும் கவலையில்லை. குமிழ் நின்ற இடத்தில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள்.

அந்த வரியில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள் வரும், 50(20/18) என்பதுபோல. முதலாவது 1200 ஹெர்ட்ஸ் மார்க் டோனின் அளவு, அடுத்தது 2200 ஹெர்ட்ஸ் ஸ்பேஸ் டோனின் அளவு. லெவலைவிட இந்த ஜோடிதான் அதிகம் சொல்லும். எஃப்எம் செட்டின் மைக் வழி, டோன் உயர உயர ஆக்டேவுக்கு 6 டெசிபெல் ஏற்றிக் கொடுக்கும். ரிசீவரின் ஸ்பீக்கர் வழி அதே அளவு இறக்கும். இரண்டும் ஒத்துப்போனால் ஜோடி சமமாக வரும். அனுப்பியவர் ஏற்றாமல் அனுப்பி நீங்கள் ஸ்பீக்கரில் எடுத்தால் 2200 டோன் 5 டெசிபெல் சொச்சம் தாழ்ந்து, 20/11 போலத் தெரியும். அதை டயர்வுல்ஃப் சமாளிக்கும். ஆனால் எந்த நிலையத்தைக் கேட்டாலும் 20/5 போல வந்தால் குறை உங்கள் பக்கம்தான்: ஆடியோ லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே யாரோ போட்ட பெரிய கெப்பாசிட்டர், அல்லது செட்டில் நேரோ பேண்ட்.

டிரான்ஸ்மிட் லெவல் வைக்கக் காதை நம்ப வேண்டாம். சத்தமாகக் கேட்டால் நல்லது என்று தோன்றும், பாக்கெட்டில் அது நேர்மாறு. டீவியேஷன் (டோனால் அதிர்வெண் விலகும் அளவு) 3 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸ் போதும். அதற்கு மேல் போனால் செட்டின் லிமிட்டர் 2200 டோனை வெட்டும், எதிர்முனை ரிசீவரின் ஐஎஃப் ஃபில்டர் ஓரத்தைக் கடிக்கும். டோன் நன்றாகக் கேட்டும் டீகோட் ஆகாததற்கு முதல் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும்.

விலையுயர்ந்த டீவியேஷன் மீட்டர் தேவையில்லை. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் மலிவு ரிசீவர்) இருந்தால் கணக்கே மீட்டராகும். ஹேண்டியில் டம்மி லோடு மாட்டி, பவரைக் குறைத்து, டாங்கிளின் கெய்னையும் குறைத்து வையுங்கள் (ஓவர்லோடு ஆனால் படமே பொய் சொல்லும்). டயர்வுல்ஃபை மைனஸ் எக்ஸ் தெரிவோடு எஸ் எழுத்து சேர்த்து ஓட்டினால் 2200 ஹெர்ட்ஸ் டோனை மட்டும் தொடர்ந்து அனுப்பும். ஸ்பெக்ட்ரத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் காரியர், இரு பக்கமும் 2.2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி முதல் சைடுபேண்டுகள், அதற்கும் வெளியே சிறியவை. வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். காரியர் தாழும், சைடுபேண்டுகள் உயரும். இரண்டும் முதன்முறையாக ஒரே உயரத்துக்கு வரும் இடத்தில் மாடுலேஷன் இண்டெக்ஸ் 1.43. அதை 2.2-ஆல் பெருக்கினால் டீவியேஷன் 3.16 கிலோஹெர்ட்ஸ். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் ஏற்றினால் காரியர் அடியோடு மறையும் ஓர் இடம் வரும். அங்கே டீவியேஷன் 5.3 கிலோஹெர்ட்ஸ், அதாவது எல்லை தாண்டியாயிற்று. இந்தச் சோதனை 15 விநாடி டைம்-அவுட்டுக்குள் முடியாது, விட்டுவிட்டுச் செய்யுங்கள். செட் சூடாகாமலும் இருக்கும்.

டாங்கிள் இல்லையென்றால் இன்னொரு ரிசீவரில் கேட்டுக்கொண்டே வால்யூமை ஏற்றுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் கூடாது, லிமிட்டர் பிடித்துவிட்டது. அங்கிருந்து சத்தம் நன்றாகக் குறைந்தது தெரியும் வரை இறக்குங்கள். தோராயம்தான், ஆனால் முட்டி நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

---

சாலிடர்

மேலே இருவரும் சொன்னதை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். "ஒரு வரி போகிறது, நாலு பத்தி போகவில்லை" என்றீர்களே, அதற்குச் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது.

ஏஎக்ஸ்.25 பாக்கெட்டில் ஒரு பிட் தவறினாலும் கடைசியில் வரும் 16 பிட் சிஆர்சி (பிழை சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகாது, பாக்கெட் முழுவதும் குப்பைக்குப் போகும். கனெக்ட் கோரிக்கை சுமார் 160 பிட். 256 பைட் டேட்டா உள்ள பாக்கெட் தலைப்பு எல்லாம் சேர்த்து 2200 பிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆயிரத்தில் ஒரு பிட் தவறும் லிங்க் என்று வையுங்கள். கனெக்ட் கோரிக்கை 85 சதவீதம் பிழைக்கும். 256 பைட் பாக்கெட் 11 சதவீதம்தான் பிழைக்கும். அதே லிங்கில் 64 பைட்டாக நறுக்கினால் பாதி பிழைக்கும். இணைப்பு கிடைத்துவிட்டது என்பதால் லிங்க் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே பேக்லென் (ஒரு பாக்கெட்டின் டேட்டா நீளம்) 64, மேக்ஸ்ஃப்ரேம் 1 என்று வைத்துத் தொடங்குங்கள். மேக்ஸ்ஃப்ரேம் என்பது ஒப்புகைக்குக் காத்திராமல் ஒரே மூச்சில் எத்தனை பாக்கெட் அனுப்பலாம் என்பது. நாலு என்று வைத்து முதல் பாக்கெட் பழுதானால், பின்னால் வந்த மூன்று நன்றாகவே வந்திருந்தாலும் பொதுவாக நாலையும் திரும்ப அனுப்ப வேண்டிவரும். 256 பைட் பாக்கெட் நாலு என்றால் 1200 பாட்டில் ஏழு விநாடிக்கு மேல் காற்றைப் பிடித்திருப்பீர்கள், அத்தனையும் வீண். லிங்க் சுத்தமானதும் பேக்லென்னை 128, மேக்ஸ்ஃப்ரேமை 2 என்று கூட்டிப் பாருங்கள்.

டிஎக்ஸ்டிலே: பிடிடி அழுத்தியதிலிருந்து டேட்டா தொடங்கும் வரை விடும் இடைவெளி. உங்கள் செட் பவர் ஏற, சின்தசைசர் நிலைக்க, எதிர்முனை ரிசீவர் பிடிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஹேண்டிக்கு 400 மில்லிசெகண்டில் தொடங்கி, நண்பர் டீகோட் செய்வது தவறத் தொடங்கும் வரை இறக்குங்கள். தவறும் இடத்திலிருந்து 50 மில்லிசெகண்ட் கூட்டி நிறுத்துங்கள். இங்கே அலகு ஆளை ஏமாற்றும். டயர்வுல்ஃபிலும் கிஸ் நெறிமுறையிலும் ஓர் அலகு 10 மில்லிசெகண்ட், 400 வேண்டுமென்றால் 40 என்று எழுத வேண்டும். லினக்ஸின் கிஸ்பார்ம்ஸ் கட்டளையில் மில்லிசெகண்டிலேயே கொடுக்க வேண்டும். அங்கே 40 என்று எழுதினால் செட் விழிப்பதற்குள் பாக்கெட்டின் தலை போய்விடும்.

பெர்சிஸ்ட் 63, ஸ்லாட்டைம் 10 என்ற இயல்பு மதிப்புகளைத் தொடாதீர்கள். சேனல் காலியானதும் ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் நாலில் ஒரு வாய்ப்பில் அனுப்பும் என்று அர்த்தம். எல்லோரும் பகிரும் சேனலில் இந்தப் பொறுமைதான் மோதலைத் தடுக்கிறது. பெர்சிஸ்டை 255 ஆக்கினால் வேகமாகத் தோன்றும். மூன்றாவது நிலையம் ஒன்று வந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் பாய்ந்து எல்லோருடையதும் கெடும்.

ஃப்ராக் (ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரம்) 3 விநாடி நேர் இணைப்புக்குச் சரி. நடுவில் டிஜிபீட்டர் (கேட்ட பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும் நிலையம், சுருக்கமாக டிஜி) இருந்தால் காத்திருப்பு அதற்கேற்ப நீளும், ஒரு டிஜிக்கு மூன்று மடங்கு. டிஜி வழியாகக் கனெக்ட் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டிஜி ஒப்புகை எதுவும் தராது, கேட்டதைத் திருப்பிச் சொல்வதோடு சரி. இரண்டு தாவலில் ஏதாவது ஒன்று தவறினாலும் முதலிலிருந்து. 12 கிலோமீட்டர்தானே, ஆன்டெனாவை உயரத்தில் ஏற்றுங்கள்.

ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் வசதி) பற்றி யாரும் சொல்லவில்லை. பூஜ்யத்தில் வைத்து இரைச்சலைத் திறந்தே விடுங்கள். ஸ்குவெல்ச் திறக்க எடுக்கும் நேரம் எதிர்முனையின் டிஎக்ஸ்டிலேயைத் தின்னும். சேனல் பிஸியா என்பதை டயர்வுல்ஃப் சிக்னலைப் பார்த்தே கண்டுகொள்ளும்.

---

டைபோல்

சாலிடர் சொன்ன ஸ்குவெல்ச் விஷயத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். மென்பொருள் அடையாளம் காண்பது பாக்கெட்டை மட்டும். அதே அதிர்வெண்ணில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் அதற்குச் சேனல் காலி என்றே தெரியும், அவர் பேச்சின் மேலேயே அனுப்பிவிடும். மொபைல் செட்களில் 6 பின் மினி-டின் டேட்டா போர்ட்டின் 6வது பின் ஸ்குவெல்ச் நிலையைத் தரும். அதை டயர்வுல்ஃபின் டிஎக்ஸ்ஐஎன்ஹெச் உள்ளீட்டுக்குக் கொடுத்துத் தடுக்கலாம். ஹேண்டியில் அப்படி ஒரு பின் கிடையாது. ஆகவே உங்கள் பகுதியின் பேண்ட் பிளான் பாக்கெட்டுக்கு ஒதுக்கிய அதிர்வெண்ணில் மட்டும் ஓட்டுங்கள். ஏபிஆர்எஸ் சேனலில் கனெக்ட் செய்து கடிதம் பரிமாறுவது கூடவே கூடாது, அங்கே எல்லோருடைய குறும்பாக்கெட்டுகளும் நடமாடுகின்றன.

---

தென்றல்

மூவருக்கும் மிக்க நன்றி. 2என்2222, டிவைடர், 1 மைக்ரோஃபாரட் எல்லாம் போட்டாயிற்று. ரிசீவ் லெவல் 48(19/16) போல வருகிறது, கேட்கும் பாக்கெட்டில் பெரும்பாலானவை டீகோட் ஆகின்றன. டாங்கிள் வைத்து 2200 டோனில் காரியரையும் சைடுபேண்டையும் சமமாக்கினேன், முன்பு இருந்ததைவிட வால்யூம் நிறையவே இறங்கியது. டம்மி லோடில் எல்லாம் சரி.

ஹேண்டியில் அதன் ரப்பர் ஆன்டெனாவை மாட்டி 5 வாட்டில் அனுப்பினால் மட்டும் யூஎஸ்பி அடாப்டர் காணாமல் போகிறது. டயர்வுல்ஃப் ஆடியோ சாதனப் பிழை காட்டி நின்றுவிடுகிறது. 1 வாட்டில் வருவதில்லை. பவர் சப்ளை போதவில்லையா?

இன்னொன்று, ஏபிஆர்எஸ் பாத் (பாக்கெட்டை எந்த டிஜிகள் திருப்பி அனுப்பலாம் என்ற குறிப்பு) என்ன வைப்பது? ஊருக்கு ஊர் வேறு வேறு சொல்கிறார்கள்.

---

காரியர்

பவர் சப்ளை காரணமில்லை. ஹேண்டி தன் பேட்டரியில்தானே ஓடுகிறது, அனுப்பும்போது பை கூடுதலாக எதையும் இழுப்பதில்லை. டம்மி லோடில் வராமல் ஆன்டெனாவில் வருவதும், 1 வாட்டில் வராமல் 5 வாட்டில் வருவதும் சேர்ந்து சொல்வது ஒன்றே: ஆர்எஃப் கேபிளில் ஏறி யூஎஸ்பிக்குள் போகிறது. ரப்பர் ஆன்டெனாவுக்குக் கீழே செட்டின் உடலும் அதில் மாட்டிய ஒயரும்தான் ஆன்டெனாவின் மறுபாதி. உங்கள் ஆடியோ கேபிள் அரை மீட்டர் என்றால் 2 மீட்டர் பேண்டின் கால் அலைநீளம் அதுவே, மிக நன்றாக ஏந்திக்கொள்ளும்.

ஆன்டெனாவைச் செட்டிலிருந்து பிரித்து, கோஆக்ஸ் இழுத்து, வெளியே சில மீட்டர் தள்ளி உயரத்தில் வையுங்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும். கூடவே ஆடியோ கேபிளைச் செட் பக்கமும் யூஎஸ்பி பக்கமும் ஃபெரைட் கிளாம்பில் மூன்று நாலு சுற்று சுற்றி விடுங்கள். ஒரே சுற்று என்றால் பலன் குறைவு. சுற்று இரட்டித்தால் தடை ஏறத்தாழ நாலு மடங்காகும். கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். அடாப்டரை நேராகப் பையில் செருகுங்கள், நடுவில் நீண்ட யூஎஸ்பி கேபிள் போடாதீர்கள், அதுவும் ஓர் ஆன்டெனாதான். இத்தனைக்கும் அடங்காவிட்டால் இரண்டு ஆடியோ வழிக்கும் 600க்கு 600 ஓம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், பிடிடிக்கு ஆப்டோகப்ளர். செட்டுக்கும் பைக்கும் பொதுக் கிரவுண்டே இல்லாமல் போகும்.

வெளி ஆன்டெனா வைத்ததும் ரிசீவ் எண்ணிக்கை குறைந்தால் திகைக்க வேண்டாம். மலிவு ஹேண்டிகளின் ரிசீவர் முன்பகுதி பலமான வெளி சிக்னல்களில் திணறும். அப்படி நேர்ந்தால் 2 மீட்டர் பேண்ட்பாஸ் ஃபில்டர் போடுங்கள், அல்லது பழைய மொபைல் செட் ஒன்றைத் தேடுங்கள்.

---

சாலிடர்

பாத் கேள்விக்கு: நிலையான வீட்டு நிலையத்துக்கு வைட்2-1 மட்டும் போதும். நகரும் வண்டிக்கோ கையில் எடுத்துச் செல்லும் செட்டுக்கோ வைட்1-1, வைட்2-1. வைட்1-1 என்பது அக்கம்பக்கத்துச் சிறு டிஜிகளும் கைகொடுக்கட்டும் என்று கேட்பது, உயரத்தில் ஆன்டெனா உள்ள வீட்டு நிலையத்துக்கு அது தேவைப்படாது. வைட்3-3, வைட்7-7 என்று எழுதினால் ஒரு பாக்கெட் பல டிஜிகளில் எதிரொலித்து வட்டாரம் முழுவதும் சேனலை அடைக்கும். நிலைய பீக்கன் 30 நிமிடத்துக்கு ஒருமுறை போதும், வீடு நகரப்போவதில்லை.

அதிர்வெண் வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸ். மற்ற இடங்களில் அந்தந்த நாட்டு பேண்ட் பிளானைப் பார்த்து வையுங்கள். அழைப்புக்குறிக்குப் பின் வரும் எஸ்எஸ்ஐடி, வீட்டுக்கு எதுவும் இல்லாமல், ஹேண்டிக்கு -7, வண்டிக்கு -9, ஐகேட்டுக்கு (பாக்கெட்டை இணையத்துக்குக் கடத்தும் நிலையம்) -10 என்பது வழக்கம். பூஜ்யம் முதல் 15 வரை இடமுண்டு.

பக்கத்தில் டிஜி எதுவும் இல்லையென்றால் 145.825-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் டிஜிபீட்டர் இயங்கும் நாள்களில் முயலுங்கள், பாத் ஏரிஸ். டாப்ளர் நகர்வு 3.5 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும், வைடு எஃப்எம்மில் ட்யூன் செய்யாமலே எடுக்கலாம். நிலையம் தலைக்கு மேல் செல்லும் சில நிமிடங்களில் ஒன்றிரண்டு பாக்கெட்டுக்கு மேல் அனுப்பாதீர்கள், கீழே ஒரு பெரிய வட்டாரமே அதே ஒரு சேனலுக்குக் காத்திருக்கிறது.

நண்பரோடு பேசும் லிங்குக்கு இன்னொன்று. அவரும் டயர்வுல்ஃபின் 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புதான் என்றால் எஃப்எக்ஸ்.25 பிழைதிருத்தத்தை இரு பக்கமும் இயக்குங்கள். பாக்கெட்டோடு ரீட்-சாலமன் திருத்த பைட்டுகள் சேர்ந்து போகும். சில பைட் கெட்டாலும் எதிர்முனை சரிசெய்துகொள்ளும், மறுபடி அனுப்பும் வேலை மிச்சம். அந்தப் பதிப்பு இல்லாதவர்களும் உள்ளே இருக்கும் சாதாரண ஏஎக்ஸ்.25 பாக்கெட்டை வழக்கம்போல் படிக்கலாம். ஐஎல்2பி என்ற இன்னொரு பிழைதிருத்த முறை இன்னும் சிக்கனமானது, ஆனால் பழைய டிஎன்சிகளுக்கு அது வெறும் இரைச்சல். கனெக்ட் செய்ய ஏஜிடபிள்யூ (பிற நிரல்கள் டயர்வுல்ஃபோடு பேசும் வழி) போர்ட் 8000 வழியாக ஏதாவது டெர்மினல் நிரலை இணையுங்கள், கிஸ் வழி வேண்டுமென்றால் 8001. ஃபெரைட் போட்டு முடித்ததும் பேக்லென் 64-இல் ஒரு நீளமான செய்தி அனுப்பி, ரீட்ரை எண்ணிக்கை எவ்வளவு என்று எழுதுங்கள். எதை அடுத்து நகர்த்துவது என்பது அதிலிருந்து தெரியும். 73 (வாழ்த்துகள்).